புதுக் கணினிக்கு எந்த இயங்குதளம்?

விண்டோஸா, மேக்கா, லினக்ஸா? இயங்குதளம் இல்லாமல் வரும் மாடலை வாங்கி நாமே போட்டுக்கொள்ளலாமா? கேட்டது இதுதான்.

நீங்கள் விட முடியாத மென்பொருள்களையும், கணினியில் செருகப்போகும் கருவிகளையும் முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். பாதிப் பேருக்கு அந்தத் தாளே விடை சொல்லிவிடும். சாலிட்வொர்க்ஸ் (பொறியியல் வடிவமைப்பு மென்பொருள்) இருந்தால் விண்டோஸ். ஐபோன் செயலி எழுத எக்ஸ்கோடு வேண்டுமென்றால் மேக். ஃபோட்டோஷாப் இல்லாமல் முடியாது என்றால் லினக்ஸை மறந்துவிடலாம். "எக்ஸெல்" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள், அதில் என்ன செய்கிறீர்கள் என்றும் எழுதுங்கள். கணக்கு, அட்டவணை அளவில் என்றால் லிப்ரெஆபீஸ் என்ற இலவச மென்பொருளே போதும். மேக்ரோ (வேலைகளைத் தானாகச் செய்யும் கட்டளைகள்) நிறைந்த கோப்பு என்றால் லிப்ரெஆபீஸில் பாதி ஓடும், பாதி நின்றுவிடும். மேக்குக்கும் எக்ஸெல் உண்டுதான், ஆனால் அதில் பெரிய தரவுகளை அலசும் பவர் பிவட்டும், கோப்புக்குள் வைக்கும் ஆக்டிவ்எக்ஸ் பொத்தான்களும் கிடையாது. வாங்கிய பிறகு இது தெரியவந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

தமிழ் தட்டச்சு பற்றிக் கவலை வேண்டாம். தமிழ்99 விசைப்பலகை மூன்றிலும் உண்டு.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. ஆகவே புதுக் கணினிக்கு 11தான். ஹோம் பதிப்பே பெரும்பாலோருக்குப் போதும். வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக இந்தக் கணினிக்குள் நுழைய வேண்டும், கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் ஹைப்பர்-வி வேண்டும், அலுவலக டொமைனில் (அலுவலகம் நிர்வகிக்கும் வலையமைப்பில்) சேர்க்க வேண்டும் என்றால் மட்டும் புரோ. "எஸ் மோட்" என்று போட்டிருந்தால் ஸ்டோரில் உள்ள செயலிகளை மட்டுமே நிறுவ முடியும். இலவசமாக வெளியே வரலாம், ஆனால் திரும்பப் போக முடியாது.

ஸ்னாப்டிராகன் சிப் (ஆர்ம் வகை) உள்ள விண்டோஸ் லேப்டாப்பில் இன்னொன்றையும் பாருங்கள். வழக்கமான மென்பொருள்கள் எமுலேஷனில் (இன்டெல் வகைச் சிப்பைப் போல நடித்து) ஓடிவிடும். கருவிகளை இயக்கும் டிரைவர் மென்பொருள்களுக்கு அந்த வசதி இல்லை, அவை ஆர்ம் சிப்புக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். பழைய ஸ்கேனர், லைசென்ஸ் டாங்கிள் (உரிமத்தைக் காட்டச் செருகும் யுஎஸ்பி கருவி), சில விபிஎன்கள் எல்லாம் சிக்குவது இங்கேதான். கருவியைத் தயாரித்தவரின் தளத்தில் ஆர்ம்64 டிரைவர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இயங்குதளம் இல்லாத மாடல்: "டாஸ்", "ஃப்ரீடாஸ்" என்று எழுதியிருப்பது இதுதான். லினக்ஸ் மட்டும் போடுவதென்றால் தாராளமாக வாங்கலாம். விண்டோஸ் போடத்தான் போகிறீர்கள் என்றால், விண்டோஸோடு வருவதை வாங்குங்கள் என்றே சொல்வேன். உரிமத்தைத் தனியாக வாங்கினால் விலை வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிடும், நிறுவும் வேலையும் உங்கள் தலையில். இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் பல லேப்டாப்களில் விஎம்டி என்ற சேமிப்பக அமைப்பு இயக்கத்தில் இருக்கும். விண்டோஸை நிறுவும் நிரல் எஸ்எஸ்டி டிஸ்க்கையே காட்டாது, டிஸ்க் கெட்டுவிட்டது என்று பயந்துபோவார்கள். தயாரிப்பாளர் தளத்திலிருந்து இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை எடுத்துப் பென்டிரைவில் விரித்து வைத்து, "லோட் டிரைவர்" கொடுத்தால் டிஸ்க் வந்துவிடும். அதைத் தாண்டினால், இணையம் கேட்கும் திரையில் வைஃபை டிரைவர் இல்லாமல் நிற்கும். போனை யுஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங் (போனின் இணையத்தைப் பகிரும் வசதி) கொடுங்கள்.

மேக்கில் ரேம் மதர்போர்டோடு சேர்ந்தது, பிறகு கூட்ட முடியாது. வாங்கும்போதே 16 ஜிபிக்குக் குறையாமல் எடுங்கள். எம் வரிசைச் சிப்களில், மேக்கில் விண்டோஸ் போட உதவும் பூட் கேம்ப் கிடையாது என்பதால், "தேவைப்பட்டால் விண்டோஸ் போட்டுக்கொள்வேன்" என்ற கணக்கில் மேக் வாங்காதீர்கள். குரோம்புக் (கூகுளின் குரோம்ஓஎஸ் ஓடும் லேப்டாப்) என்றால் அந்த மாடலுக்கு அப்டேட் முடியும் தேதியைப் பாருங்கள். அந்தக் காலக்கெடு நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஓடுவதில்லை, அந்த வன்பொருள் சந்தைக்கு வந்த நாளிலிருந்தே ஓடுகிறது.

லினக்ஸ் பக்கம் சாய்கிறீர்கள் என்றால், திருப்பிக் கொடுக்கும் அவகாசம் முடியுமுன் நிறுவாமலே சோதித்துவிடுங்கள். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் ரூஃபஸ் என்ற இலவச நிரல் கொண்டு உபுண்டு அல்லது மின்டை (இரண்டும் லினக்ஸ் வகைகள்) எழுதி, கணினி தொடங்கும்போது பூட் மெனுவில் (எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப்) பென்டிரைவைத் தேர்ந்தெடுத்து, நிறுவாமல் ஓட்டிப் பாருங்கள். வைஃபை, புளூடூத், கேமரா, மைக், வெளித்திரை, ஒளி கூட்டிக் குறைக்கும் விசைகள் என ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். மூடியை மூடிப் பத்து நிமிடம் கழித்துத் திறங்கள். திரை கறுப்பாகவே இருந்தாலோ, மூடியிருந்தபோது உடல் சுட்டிருந்தாலோ உறக்கநிலை சரியில்லை. தினமும் பையில் தூக்கிப் போகிறவர்களுக்கு இது பெரிய தொல்லை. கைரேகை உணரி வேலை செய்தால் அதிர்ஷ்டம். சந்தைக்கு வந்து சில மாதங்களே ஆன சிப் என்றால், புதிய கெர்னலோடு (லினக்ஸின் மையப் பகுதி) வரும் ஃபெடோரா என்ற வகையிலும் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால், லினக்ஸில் அதன் டிரைவர் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும். அடுத்து இயங்கும்போது நீலத் திரை ஒன்று வரும், அதில் "என்ரோல் மோக்" என்பதைத் தேர்ந்து அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். அவசரத்தில் "கன்டினியூ" அழுத்தினால் செக்யூர் பூட் (அங்கீகரிக்கப்படாத மென்பொருளைத் தொடக்கத்திலேயே தடுக்கும் பாதுகாப்பு) அந்த டிரைவரை ஏற்காது.

விண்டோஸையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸ் போடுவதென்றால், பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புகளில்) கை வைப்பதற்கு முன், டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புச் சாவியை எடுத்துவையுங்கள். மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து அமைத்த பல புதுக் கணினிகளில், நீங்கள் கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். செக்யூர் பூட்டை மாற்றினால் அடுத்த முறை 48 இலக்கச் சாவியைக் கேட்கும், அது இல்லையென்றால் உள்ளே இருப்பது போனதுதான். சாவி அதே கணக்கின் பக்கத்தில் இருக்கும், காகிதத்தில் அச்சிட்டு வையுங்கள். பிறகு விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே சி டிரைவைச் சுருக்கி 60 ஜிபியாவது ஒதுக்குங்கள். பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணைத்துவிடுங்கள். அதை விட்டுவைத்தால் விண்டோஸ் முழுதாக மூடாது, லினக்ஸிலிருந்து அந்த டிரைவில் எதையும் எழுத முடியாது.