முதல் ட்ரையத்லனில் விழுந்தவர் மீண்டும் இறங்கலாமா?

கேள்வி: உப்புவெளியில் வசிக்கும் ஆசிரியன் நான்; வயது 41. கடந்த ஜூலையில் நிலாவெளிப் பக்கம் நடந்த ஒரு ட்ரையத்லன் போட்டியில் முதன்முறையாகக் கலந்துகொண்டேன். கடலில் 1.5 கிலோமீற்றர் நீச்சல், 40 கிலோமீற்றர் சைக்கிள், 10 கிலோமீற்றர் ஓட்டம். பாடசாலைக்குப் போகுமுன், அதிகாலை 5 மணிக்கு, பல மாதங்கள் பயிற்சி செய்திருந்தேன். ஆயினும் நீச்சலின் தொடக்கத்திலேயே மூச்சு முட்டிப் பதறினேன். ஓட்டத்தின் ஆறாவது கிலோமீற்றரில் கால் தசைகள் இறுகி, நின்றவுடன் கண் இருண்டு விழுந்தேன். போட்டிக்கு மூன்றரை வாரங்களுக்கு முன்னர்தான் டெங்குச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியிருந்தேன். அன்று காலை முழங்கால் வலிக்கு ஒரு டிக்ளோஃபெனாக் குளிசை போட்டேன். என் தந்தைக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது. வரும் ஜூலையில் மீண்டும் முயல ஆசை. ஆனால் என் உடம்பு இதற்கு உரியதல்ல என்றே தோன்றுகிறது. மனைவியும் “போதும்” என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். உங்கள் உடம்பைப் பற்றிய முடிவை உறுதியாக எழுதியிருக்கும் நீங்கள், டெங்குவையும் வலிக்குப் போட்ட குளிசையையும் ஒவ்வொரு வரியில் கடந்து போயிருக்கிறீர்கள்; வைத்தியர் என்ற முறையில் என் பார்வை தங்கி நின்றது அந்த இரண்டு வரிகளில்தான். அன்று நடந்தவற்றுள் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, அந்தக் காரணங்களைத் திருத்தவும் முடியும். உங்கள் இருதயத்தைப் பற்றி மட்டும் கடிதத்தை வைத்து எதுவும் சொல்ல இயலாது; அதைப் பரிசோதித்தே அறிய வேண்டும் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் நினைவிழந்து விழுந்தால், இருதயத் துடிப்பின் ஒழுங்கிலோ இருதயத் தசையிலோ கோளாறு இருக்கக்கூடும் என்றே நாங்கள் கருதுவோம். அப்படி ஒன்றும் இல்லையென்று தெளிவாகும்வரை அவரை மீண்டும் ஓட விடமாட்டோம். ஓட்டத்தை நிறுத்திய பின் விழுவது பெரும்பாலும் வேறு வகையைச் சேர்ந்தது. ஓடும்போது கெண்டைக்காலிலும் தொடையிலும் உள்ள தசைகள் ஒவ்வோர் அடியிலும் நாளங்களை அழுத்தி இரத்தத்தை மேலே தள்ளுகின்றன. திடீரென நின்றதும் அந்தத் தள்ளல் நின்றுவிடுகிறது. ஆனால் வெப்பத்தால் விரிந்த நாளங்கள் விரிந்தபடியே இருப்பதால், இரத்தம் கால்களில் தேங்கி, மூளைக்குப் போவது குறைந்து, கண் இருள்கிறது. படுக்கவைத்துக் கால்களை உயர்த்தினால் சில நிமிடங்களில் தெளிவு வந்துவிடும். நின்றவுடன் விழுந்ததாக நீங்கள் எழுதியிருப்பது எனக்கு ஆறுதல் தருகிறது, எனினும் விழுந்தவரின் நினைவை இதில் முழுமையாக நம்பக்கூடாது. அருகில் ஓடியவரையோ வழியில் தண்ணீர் கொடுத்துக்கொண்டு நின்றவரையோ தேடிப் பிடித்து, நீங்கள் முதலில் நின்றீர்களா, முதலில் விழுந்தீர்களா, தெளிய எவ்வளவு நேரம் எடுத்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். எந்தப் பரிசோதனையையும்விட அந்தப் பதில் உங்கள் வைத்தியருக்கு உதவலாம்.

தந்தைக்கு 55 வயதுக்கு முன் மாரடைப்பு வந்திருந்தால் மகனை நாங்கள் கூடுதல் கவனத்துடன் பார்ப்போம். உங்களுக்கும் நாற்பது கடந்துவிட்டது. ஆகவே ஈ.சி.ஜி., எக்கோ எனும் இருதய ஸ்கேன், நடைப்பட்டியில் ஓடவிட்டு எடுக்கும் ஈ.சி.ஜி. ஆகியவற்றோடு இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றையும் பார்த்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். டெங்கு அரிதாக இருதயத் தசையையும் தொடுவதுண்டு என்பதால், நோய்நிர்ணய அட்டையை மறக்காமல் கிளினிக்குக்குக் கொண்டு செல்லுங்கள். இந்தப் பரிசோதனைகள் முடியும்வரை நடை போதும். வேகப் பயிற்சி வேண்டாம்.

டெங்கு வந்தவர்களுக்குக் காய்ச்சல் விட்டு, இரத்தத் தட்டுகள் வழமைக்குத் திரும்பிய பின்னரும், களைப்பு பல வாரங்கள் தொடர்வதை இங்கே வீட்டுக்கு வீடு பார்த்திருக்கிறோம். மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும் அந்த நாட்களில் நீங்கள் 1.5 கிலோமீற்றர் நீந்தி, 40 கிலோமீற்றர் சைக்கிள் ஓடி, அதன் மேல் ஆறு கிலோமீற்றர் ஓடியிருக்கிறீர்கள். உண்மையைச் சொன்னால், அன்று உங்களைப் போட்டியில் இறங்கவே விட்டிருக்கக்கூடாது. குளிசையோ அதைவிட என்னைக் கவலைப்படுத்துகிறது. உடலில் நீர் குறையும்போது சிறுநீரகங்கள் தமக்கு வரும் இரத்த ஓட்டத்தைக் காத்துக்கொள்ளச் சில இரசாயனங்களைச் சுரக்கின்றன. டிக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் போன்றவை அவற்றின் சுரப்பையே தடுத்துவிடுகின்றன. வெயிலில் பல மணிநேரம் உழைக்கப் போகும் காலையில் அவற்றைப் போடவே கூடாது. இரத்தத்தில், சிறுநீரகங்களின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவையும் சிறுநீரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். முழங்கால் வலிக்குச் சைக்கிள் இருக்கையின் உயரத்தையும் தொடைத் தசைகளின் வலுவையும் ஓர் இயன்மருத்துவரிடம் காட்டிச் சரிசெய்வதே வழி.

இனி வெப்பம். நீங்கள் விழுந்ததற்குப் பிரதான காரணம் இதுவென்றே நான் கருதுகிறேன். தசைகள் செலவிடும் சக்தியில் சுமார் நான்கில் மூன்று பங்கு வெப்பமாகவே வெளிப்படுகிறது. அதை வெளியேற்ற உடம்புக்கு உள்ள முக்கிய வழி வியர்வை ஆவியாவதுதான். ஜூலையில் நமக்குக் கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் காலம். அந்த வரண்ட காற்றில் வியர்வை வந்த வேகத்திலேயே காய்ந்துவிடுவதால், தோல் ஈரமில்லாமல் இருக்க, எவ்வளவு நீர் போனது என்பதே ஓடுபவருக்குத் தெரிவதில்லை. கச்சான் ஓய்ந்து கடற்காற்று ஏறினாலோ ஈரப்பதன் கூடி, வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடுகிறது. நீரும் போகிறது, உடம்பும் குளிர்வதில்லை. பிறந்து வளர்ந்த ஊர்தானே, வெயில் பழகியதுதானே என்று நீங்கள் எண்ணியிருக்கக்கூடும். வெயிலில் வாழ்வதற்கும் வெயிலில் உழைப்பதற்கும் வேறுபாடு உண்டு. அதிகாலை 5 மணிக்குப் பழகிய உடம்பை, காலை ஒன்பதரை மணித் தார் வீதியில் நீங்கள் ஓடவிட்டிருக்கிறீர்கள்.

உலகின் தலைசிறந்த வீரர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 2016 செப்டெம்பரில் மெக்சிக்கோவின் கொசுமெல் தீவில் நடந்த உலகத் தொடரின் இறுதிப் போட்டியில், முதலாவதாக ஓடிக்கொண்டிருந்த பிரித்தானிய வீரர் ஜொனதன் பிரவுன்லீ, முடிவுக் கோட்டுக்குச் சில நூறு மீற்றர் இருக்கையில் வெப்பத்தால் தள்ளாடத் தொடங்கினார். பின்னால் வந்த அண்ணன் அலிஸ்டயர் அவரைத் தோளில் தாங்கிக் கொண்டுவந்து கோட்டுக்கு அப்பால் தள்ளிவிட்டார். அதற்கு முந்தைய மாதம்தான் ஜொனதன் ரியோ ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வென்றிருந்தார். 2021 இல் டோக்கியோவில் கலப்பு அஞ்சல் போட்டியில் தங்கமும் வென்றார். அவருடைய உடம்பை இதற்கு உரியதல்ல என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

வெப்பத்துக்கு உடம்பைப் பழக்க 10 முதல் 14 நாட்கள் போதும். போட்டிக்கு முந்தைய இரண்டு வாரங்களில், காலை எட்டு மணிக்குப் பின், துணையோடு, முதல் நாள் அரை மணிநேரம் மெதுவாக ஓடத் தொடங்கி, சிறிது சிறிதாக ஒரு மணிநேரத்துக்கு மேல் கொண்டுசெல்லுங்கள். முதல் சில நாட்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். பிறகு வியர்வை சீக்கிரமாகவும் உப்புக் குறைவாகவும் சுரக்கும். பயிற்சியை விட்டால் சில வாரங்களில் இந்தப் பழக்கமும் போய்விடும் என்பதால் ஏப்ரலில் செய்து ஜூலைக்குச் சேமித்து வைக்க இயலாது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் நிறை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் போயிருக்கிறது என்று பொருள். அதை வைத்து உங்களுக்கு மணிக்கு எவ்வளவு தேவை என்று கணக்கிடலாம். நிறை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள். வெறும் தண்ணீரை அப்படிக் குடிப்பது இரத்தத்தின் சோடியத்தைக் குறைத்து, வலிப்பு வரை கொண்டுபோகக்கூடிய ஆபத்து. நீண்ட பயிற்சி நாட்களில் ஜீவனி எனும் உப்பு, சர்க்கரைக் கரைசலை, பைக்கற்றில் எழுதியுள்ள அளவிலேயே கரைத்து, வைத்துக்கொள்ளுங்கள். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் கூட, சோடியம் குறைவு என்பதால் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

நீச்சலில் வந்த பதற்றத்துக்கு நம் கடலின் குளிரைக் காரணம் சொல்ல முடியாது. பலர் ஒருசேர இறங்கி, கை கால் மேலே பட, வேகமாகத் தொடங்கிய ஒருவர் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே இருந்து வெளியே விட மறப்பதால் வருவது அது. நீருக்குள் முகம் இருக்கும்போதே மூச்சை நீளமாக விடப் பழகுங்கள். பதறும் கணத்தில் மல்லாந்து மிதந்து இருபது எண்ணும் பழக்கத்தையும் உடம்பில் ஏற்றுங்கள். போட்டியில் முன்வரிசையை விட்டு ஓரமாக, கடைசியில் இறங்குங்கள். அன்று நுரையோடு, அல்லது இளஞ்சிவப்பாகச் சளி இருமி வந்திருந்தால் மட்டும் இது வேறு விடயம். நீந்தும்போது நுரையீரலில் நீர் கோர்க்கும் நிலை ஒன்று உண்டு, அதை வைத்தியரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். இப்போது வாடைக்காற்றுக் காலம், கடல் கொந்தளிப்பாக இருக்கிறது. ஏப்ரல் வரை நீச்சற்குளம் கிடைத்தால் அதில் பழகுங்கள், இல்லையேல் விட்டுவிடுங்கள். கடல் அடங்கிய பின் உப்புவெளியில் கரைக்கு இணையாக, பளிச்சென்ற நிறத்தில் தொப்பி அணிந்து, ஒருவர் துணையோடு நீந்துங்கள். நிலாவெளியில் புறாமலைத் தீவுக்குப் போய்வரும் படகுகளின் வழியில் நீந்த வேண்டாம்.

வரும் ஜூலையில் முழுத் தூரத்தையும் மீண்டும் எடுக்காமல், 750 மீற்றர், 20 கிலோமீற்றர், 5 கிலோமீற்றர் என்ற குறுந்தூரப் பிரிவில் இறங்கும்படி சொல்வேன். சைக்கிளை விட்டு இறங்கியதும் கால்கள் கல்லாய்க் கனப்பது எல்லோருக்கும் உள்ளது. வாரம் ஒருமுறை சைக்கிள் ஓடி முடித்த கையோடு பத்து நிமிடங்கள் ஓடிப் பழகினால் அது பிடிபடும். ஓடும்போது ஒரு முழு வாக்கியத்தைப் பேசி முடிக்க முடியாவிட்டால் வேகம் கூடிவிட்டது என்று கொள்ளுங்கள்.

உங்கள் மனைவி அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது, நீங்கள் விழுந்த செய்தியை வீட்டில் இருந்து கேட்டவர் அவர். கிளினிக்குக்கு அவரையும் அழைத்துச் செல்லுங்கள். பயிற்சியின்போது நெஞ்சில் அழுத்தமோ, துடிப்பு ஒழுங்கு தப்புவதோ, ஓடும்போதே மயக்கமோ வந்தாலும், மறுநாள் சிறுநீர் கோலா நிறத்தில் போனாலும், அன்றே வைத்தியசாலைக்கு வர வேண்டும் என்பதை அவரும் தெரிந்திருக்கட்டும். வெயிலில் ஓடியவர் பேச்சுக் குழறி, ஆளைத் தெரியாமல் விழித்தால், வாகனம் வரும்வரை காத்திராமல் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், கிடைக்கும் தண்ணீரையும் ஐஸையும் கொண்டு உடம்பு முழுவதையும் குளிர்விக்க வேண்டும் என்பதையும் இருவரும் தெரிந்துகொள்ளுங்கள். பரிசோதனை முடிவுகள் கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள். அவற்றைப் பார்த்த பிறகு, எந்த வாரம் கடலில் இறங்கலாம் என்று சொல்கிறேன்.