கண்டெடுத்த போன்: திருப்பிக் கொடுத்தால் வம்பு வருமா?

கேள்வி: ஐயா, சில வாரங்களுக்கு முன் பேருந்தில் பக்கத்து இருக்கையில் ஒரு ஸ்மார்ட்போன் கிடந்தது. இறங்கும் அவசரத்தில் எடுத்து வந்துவிட்டேன். அன்று இரவு இரண்டு முறை அழைப்பு வந்தது. பயத்தில் எடுக்கவில்லை. மறுநாள் சிம்மைக் கழற்றி வைத்துவிட்டேன். தெரிந்த சர்வீஸ்காரர் லாக்கை எடுத்துத் தருகிறேன் என்கிறார். மகன் படிப்புக்கு உதவுமே என்றும் தோன்றுகிறது. "நீ திருடவில்லையே, தொலைத்தது அவன் தப்பு" என்கிறார் நண்பர். எனக்கு மனசு ஒப்பவில்லை. இப்போது கொண்டுபோய்க் கொடுத்தால் என்னையே பிடித்துக்கொள்வார்களோ?

பதில்: உங்கள் மனசு சொல்வதைத்தான் சட்டமும் சொல்கிறது. இன்னொருவர் வசம் இருக்கும் பொருளை அவர் சம்மதம் இல்லாமல் எடுப்பதுதான் திருட்டு. யார் வசமும் இல்லாமல் தொலைந்து கிடக்கும் பொருளுக்கு வேறு பிரிவு இருக்கிறது: புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 314. பிறர் பொருளை நேர்மையில்லாமல் தனதாக்கிக்கொண்டால் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 2 ஆண்டு சிறை, கூடவே அபராதம். பழைய தண்டனைச் சட்டத்தின் 403-ல் குறைந்தபட்சத் தண்டனை கிடையாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டம்தான் அதைச் சேர்த்தது.

அந்தப் பிரிவிலேயே சில உதாரணங்கள் கொடுத்திருக்கிறார்கள். சாலையில் ஒரு ரூபாய் கிடக்கிறது, யாருடையது என்று தெரியவில்லை, எடுத்துக்கொண்டால் குற்றமில்லை. விலையுயர்ந்த மோதிரம் ஒன்று கிடைக்கிறது. உரியவரைத் தேடாமல் உடனே விற்றால் குற்றம். அதாவது, எடுத்ததற்காக உங்களை யாரும் தண்டிக்க முடியாது. பாதுகாத்துத் திருப்பிக் கொடுக்க எடுத்தவர் குற்றவாளி இல்லை என்று சட்டமே விளக்கம் தருகிறது. உரியவரைக் கண்டுபிடிக்க வழி இருந்தும் தேடாமல் வைத்துக்கொள்வதுதான் குற்றம்.

இங்கேதான் போன் மோதிரத்திலிருந்து மாறுபடுகிறது. மோதிரம் யாருடையது என்று அது சொல்லாது. போனுக்கோ உரியவரே அழைத்துவிட்டார். அந்த அழைப்பை எடுக்காததைப் பயம் என்று விளக்கலாம். சிம்மைக் கழற்றியதை விளக்குவது கடினம். உங்களுக்குப் பாதகமாக நிற்கக்கூடியது அதுதான், அதனால் இனி ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

'கேட்டு வரும்வரை மகன் பயன்படுத்தட்டும்' என்ற யோசனையும் வேண்டாம். கொஞ்ச காலத்துக்கு மட்டும் எடுத்துக்கொள்வதும் கையாடல்தான் என்று அதே பிரிவு சொல்கிறது. இன்னொன்றையும் யோசியுங்கள்: போனை இழந்தவர் பெரும்பாலும் காவல்துறையில் புகார் கொடுத்து, அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) முடக்கியிருப்பார். முடக்கிய போனில் யாராவது சிம் போட்டுப் பயன்படுத்த முயன்றால் அந்தத் தகவல் காவல்துறைக்குப் போகும். மாட்டுவது உங்கள் மகனாக இருக்கும்.

சர்வீஸ்காரரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பிறர் போனின் பூட்டை உடைத்து உள்ளே நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் தனிக் குற்றம். ஐஎம்இஐ எண்ணை மாற்றினால் 2023-ன் தொலைத்தொடர்புச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தெரிந்தே வாங்குபவருக்கும் பிரச்சினைதான், கையாடிய பொருளும் சட்டத்தின் பார்வையில் திருட்டுப் பொருளே. இதையெல்லாம் விட அந்த போனுக்குள் ஒருவருடைய குடும்பப் படங்களும் வங்கிக் கணக்கும் இருக்கின்றன. அதைப் பார்க்கும் உரிமை நமக்கு இல்லை.

சரி, எப்படிக் கொடுப்பது? கழற்றிய சிம்மையே மறுபடி போட்டு சார்ஜ் செய்யுங்கள். அழைப்பு வந்தால் எடுத்துப் பேசுங்கள். பேசுகிறவர்தான் உரியவர் என்று உறுதி செய்ய, அவரே வந்து லாக்கைத் திறக்கட்டும். பொது இடத்தில், ஒருவரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு கொடுத்து, பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்குங்கள். போனையோ சிம்மையோ முடக்கியிருந்தால் அழைப்பு வராது. அப்போது காவல் நிலையத்துக்குப் போங்கள். எங்கே, எப்போது கிடைத்தது, ஏன் தாமதமானது என்பதை உள்ளது உள்ளபடி எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். சிம்மைக் கழற்றியதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

பயந்துபோய் ஏதாவது பேருந்து இருக்கையிலேயே திரும்ப வைத்துவிட்டு வரலாம் என்று நினைக்கலாம். கூடாது. 1872-ன் இந்திய ஒப்பந்தச் சட்டம் 71-ஆம் பிரிவுப்படி, கண்டெடுத்து வைத்திருப்பவருக்கு அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வந்துவிடுகிறது.

கைது பயத்தைப் பற்றி: தானாக முன்வந்து ஒப்படைக்கிறவருக்கு நேர்மையற்ற எண்ணம் இருந்தது என்று நிரூபிப்பது எளிதல்ல. அப்படியே வழக்கு வந்தாலும் 314 ஜாமீன் கிடைக்கும் குற்றம், பொருளின் உரிமையாளர் சமரசம் செய்துகொள்ளவும் முடியும்.

கொடுக்கும்போது பணம் கேட்டுப் பேரம் பேசாதீர்கள். அவர் ஏற்கெனவே சன்மானம் அறிவித்திருந்தால் மட்டும் ஒப்பந்தச் சட்டத்தின் 168-ஆம் பிரிவுப்படி அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. காவல் நிலையத்தில் வாங்க மறுத்தால், அதே கடிதத்தை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கோ மாநகரக் காவல் ஆணையருக்கோ விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.