கேளுங்கள், சொல்கிறேன்: வெள்ளரிக்காய் மேல் விழுந்த பழி

உணவு நஞ்சாவது பற்றிப் போன இதழில் எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றின: ஒரு நாட்டில் கெட்ட சரக்கு பிடிபட்டால் அடுத்த நாட்டுக்கு எப்படித் தெரிகிறது? முப்பத்தொரு வருஷம் உணவு நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் தட்டுகளை உற்றுப் பார்த்தே கண் கெட்டுப்போன எனக்கு இது பிடித்த கேள்வி. இந்த இதழ் முழுக்க அதற்கே. குளிர்சாதனப் பெட்டிக் கேள்விகள் காத்திருக்கட்டும்.

ஒரு தொழிற்சாலையில் செய்த பண்டத்தில் கிருமி என்று தெரிந்தால், அதை வாங்கிய இன்னொரு நாட்டுக்கு யார் சொல்வார்கள்? தூதரகமா?
— கல்லூரி மாணவி ஒருவர்

தூதரகம் வழியாகவும் போகும். ஆனால் அதற்கென்றே ஒரு வழி இருக்கிறது. 2004-இல் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து ‘இன்ஃபோசான்’ என்ற வலையமைப்பைத் தொடங்கின. அதில் சேரும் நாடு, ‘அவசரம் என்றால் இவரைக் கூப்பிடுங்கள்’ என்று ஓர் அலுவலகத்தைக் குறித்துக் கொடுக்க வேண்டும். வேளாண்மை, சுங்கம், ஆய்வகம் ஆகியவற்றுக்குத் தனித்தனித் தொடர்பாளர்களும் உண்டு. ஐரோப்பியர்களுக்கு இதற்கு முன்பே, 1979 முதல், சொந்தமாக ஓர் எச்சரிக்கை முறை இருக்கிறது.

போகும் தகவலில் அலங்காரம் எதுவும் இருக்காது. பண்டத்தின் பெயர், பேட்ச் நம்பர், காலாவதித் தேதி, எந்த நாட்டுக்கு எத்தனை பெட்டி, என்ன ஆபத்து, இதுவரை என்ன சோதனை ஆயிற்று, அவ்வளவுதான். இதில் எப்போதும் தாமதமாவது ‘எந்த நாட்டுக்கு எத்தனை பெட்டி’ என்ற வரி. தொழிற்சாலைக்காரர் ஒரு வியாபாரிக்கு விற்கிறார், அவர் வேறொரு துறைமுகத்தில் இருக்கும் வியாபாரிக்கு, அவர் இன்னொருவருக்கு. மூன்றாவது கை மாறியதும் முதல் கைக்கு விலாசம் தெரியாது.

2008-இல் சீனாவில் பால் பவுடரில் மெலமின் கலந்த விவகாரம் வெளிவர ஏன் அவ்வளவு நாள் ஆயிற்று?
— மூன்று பிள்ளைகளின் தாய்

முதலில் ஏன் கலந்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். பாலில் தண்ணீர் ஊற்றினால் புரதம் குறையும். வழக்கமான சோதனையோ புரதத்தை நேரே அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து, அதிலிருந்து புரதத்தைக் கணக்குப் போடுகிறது. மெலமின் பிளாஸ்டிக் செய்யும் வேதிப்பொருள், அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். தண்ணீர்ப் பாலில் அதைப் போட்டால் சோதனை ஏமாந்துவிடும். குழந்தையின் சிறுநீரகம் ஏமாறவில்லை, கல் கட்டியது. ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். அரசுக் கணக்கில் 6 பேர் இறந்தார்கள்.

இனி தாமதம். அந்தப் பால் பவுடரை விற்ற சன்லூ நிறுவனத்தில் நியூசிலாந்தின் பால் நிறுவனமான ஃபான்டெராவுக்கு 43 சதவீதப் பங்கு இருந்தது. ஆகஸ்ட் 2 அன்றே ஃபான்டெராவின் இயக்குநர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. சரக்கைப் பகிரங்கமாகத் திரும்பப் பெறச் சொன்னார்கள். உள்ளூர் அதிகாரிகள் இணங்கவில்லை. ஆறே நாளில் பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ். நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க்கின் காதுக்கு இது எட்டியது செப்டம்பர் 5. அவர் நேரே பெய்ஜிங்கிடம் சொல்லவைத்தது செப்டம்பர் 8. ஊருக்குத் தெரிந்தது செப்டம்பர் 11. நாற்பது நாள். அத்தனை நாளும் டப்பாக்கள் வீடுகளில் திறந்துகொண்டுதான் இருந்தன.

இங்கே தகவல் இல்லாமல் இல்லை. தெரிந்தவர்கள் இரண்டு நாடுகளில் இருந்தார்கள். ஒவ்வொருவரும் தனக்கு மேலே இருப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவசரப்பட்டுச் சொன்னால் அப்பாவி மாட்டிக்கொள்வானே? ஸ்பெயின் விவசாயிகளை மறந்துவிட்டீர்களா?
— ஓய்வுபெற்ற சரக்குக் கப்பல் அதிகாரி

மறப்பேனா! 2011 மே மாதம் வட ஜெர்மனியில் ரத்த வயிற்றுப்போக்கு, சிறுநீரகச் செயலிழப்பு. வழக்கமாகக் குழந்தைகளைத் தாக்கும் நோய், இந்த முறை பெரியவர்களை, அதிலும் பெண்களை அதிகம் தாக்கியது. காரணம் ஈ. கோலை என்ற குடல் கிருமியின் ஓ104 என்ற ரகம். மே 26 அன்று ஹாம்பர்க் சுகாதார அமைச்சர், ‘ஸ்பெயின் வெள்ளரிக்காயில் கிருமி இருக்கிறது’ என்று அறிவித்தார். அவர் சொன்னது பொய்யில்லை. வெள்ளரிக்காயில் கிருமி இருந்தது. ஆனால் நோயாளிகளிடம் இருந்த ரகம் அதுவல்ல. இது தெரிய மே 31 ஆனது. அதற்குள் வெள்ளரிக்காய் தோட்டத்திலேயே அழுகியது. ஜூன் 2 அன்று ரஷ்யா ஐரோப்பியக் காய்கறி மொத்தத்துக்கும் கதவைச் சாத்தியது. பின்னால் ஐரோப்பிய ஒன்றியம் விவசாயிகளுக்கு 21 கோடி யூரோ ஒதுக்க வேண்டிவந்தது.

உண்மைக் குற்றவாளியைப் பிடித்த விதம்தான் எனக்குப் பிடித்த பகுதி. நோயாளிகளிடம் ‘என்ன சாப்பிட்டீர்கள்?’ என்று கேட்டால் தக்காளி, வெள்ளரி, கீரை என்றார்கள். சாலட் மேலே அழகுக்குத் தூவிய நாலு முளை யாருக்கு ஞாபகம் இருக்கும்? எனவே ஆய்வாளர்கள் நோயாளியை விட்டுவிட்டுச் சமையல்காரரிடம் போனார்கள். உணவகத்தில் குழுவாகச் சாப்பிட்டவர்கள் என்னென்ன ஆர்டர் செய்தார்கள், அதற்குள் என்னென்ன போட்டீர்கள் என்று கேட்டார்கள். முளைகட்டிய தானியம் மாட்டியது. ஜூன் 10 அன்று அறிவித்தார்கள். பில்களைப் பின்தொடர்ந்தால் லோயர் சாக்ஸனியில் ஒரே ஒரு பண்ணையில் போய் நின்றது.

கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஜூன் கடைசியில் பிரான்ஸில், போர்தோ அருகே, சிலருக்கு அதே ரகக் கிருமி. அவர்கள் தின்றது ஜெர்மன் பண்ணையின் முளை இல்லை, உள்ளூரிலேயே விதை வாங்கி முளைகட்டியது. இரண்டு நாட்டுச் சரக்குச் சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, இரண்டிலும் பொதுவாக நின்றது எகிப்திலிருந்து வந்த வெந்தயம். 2009-இல் இறக்குமதியான விதை! விதையைச் சோதித்தபோது கிருமி அகப்படவில்லை. எகிப்தும் மறுத்தது. வழக்கு நின்றது முழுக்கக் காகிதத்தின் பலத்தில். ஜெர்மனியில் மட்டும் 3,800 பேருக்கு மேல் நோய், 53 மரணம்.

பிரான்ஸ் தன் நோயாளிகளின் விவரத்தை உடனே பகிர்ந்துகொள்ளாமல் இருந்திருந்தால், எல்லோரும் அந்தப் பண்ணையை மூடிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்போம், மிச்ச வெந்தயம் கடைகளில் இருக்கும்.

அப்படியானால் எது மேல்? சீக்கிரம் சொல்லித் தவறுவதா, உறுதியான பிறகு சொல்லித் தாமதமாவதா? மழுப்பாமல் சொல்லுங்கள்.
— அதே கப்பல் அதிகாரி (விடமாட்டார் போலிருக்கிறது)

சீக்கிரம் சொல்வதுதான். 2013 ஆகஸ்ட் 3 அன்று அதே ஃபான்டெரா, பால் புரதத் தூளில், நரம்பை முடக்கும் நஞ்சை உண்டாக்கும் பாட்டுலிசக் கிருமி இருக்கலாம் என்று அறிவித்தது. நாடு நாடாகத் தடை போட்டார்கள். ஆகஸ்ட் 28 அன்று, அது ஆபத்தில்லாத ஒன்றுவிட்ட சொந்தக்காரன் என்று தெரிந்தது. நஷ்டம் பெரிது, வழக்கும் நடந்தது. ஆனால் ஒரு குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. 2008-ஐயும் 2013-ஐயும் இரண்டு கையிலும் வைத்துப் பாருங்கள். பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம்.

இது எனக்கு ஏட்டுப்பாடம் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஒரு பால் பவுடர் மாதிரியின் தட்டில் சிவப்பு நிறத்தில், நடுவில் கறுப்புப் பொட்டோடு புள்ளிகள். அந்தத் தட்டில் சால்மோனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி அப்படித்தான் இருக்கும். அப்படியே இருக்கும் வேறு சிலவும் உண்டு. உறுதி செய்ய இன்னும் சில நாள். ‘திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்’ என்றார் மேலாளர். நானும் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை கண்டெய்னர் கப்பலேறியது. செவ்வாய்க்கிழமை உறுதியானது. இறங்கிய துறைமுகத்தில் அதை நிறுத்திவிட்டார்கள், யாரும் தின்னவில்லை. மேலாளரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

‘உறுதியாகவில்லை, ஆனால் சந்தேகம்’ என்று அடுத்த நாட்டு அதிகாரியிடம் சொல்வது வேறு, மைக்கில் சொல்வது வேறு. முன்னதற்கு வெள்ளிக்கிழமையே போதும்.

வெவ்வேறு நாட்டு நோயாளிகள் தின்றது ஒரே பண்டம்தான் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?
— பள்ளி ஆசிரியர் ஒருவர்

கிருமியின் மரபணுவை முழுக்கப் படித்து. 2022-இல் பிரிட்டன் தன் சால்மோனெல்லா நோயாளிகளின் மரபணு வரிசையை மற்றவர்களுக்குக் காட்டியதும், ‘எங்களிடமும் இதே!’ என்று பல நாடுகள் கைதூக்கின. பெரும்பாலும் சின்னக் குழந்தைகள். போய் நின்ற இடம் பெல்ஜியத்தின் ஆர்லோனில் கிண்டர் சாக்லேட் தொழிற்சாலை. குறைந்தது 113 நாடுகளுக்குச் சரக்கு போயிருந்தது. சாக்லேட் அதிகம் விற்கும் ஈஸ்டர் நேரம் வேறு.

ஆனால் மரபணு எல்லாவற்றையும் சொல்லாது, எந்த உணவு என்று தேடி எடுக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் 2017-இல் தொடங்கிய லிஸ்டீரியா நோய்க்குக் காரணம் ‘பொலோனி’ என்ற பதப்படுத்திய இறைச்சி என்று சொல்ல 2018 மார்ச் 4 ஆனது. நோய் ஓய்வதற்குள் மொத்தம் 200-க்கு மேல் இறந்துவிட்டார்கள். லிஸ்டீரியா உள்ளே போய் 70 நாள் கழித்தும் காய்ச்சல் வரலாம். எழுபது நாளைக்கு முன்னால் என்ன தின்றீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம்.

நாங்கள் வீட்டில் என்ன செய்வது?
— பெயர் எழுத மறந்தவர்

பாக்கெட்டில் இருப்பதை டப்பாவில் கொட்டியதும் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். பேட்ச் நம்பர் அதில்தான் இருக்கிறது.

2011-க்குப் பிறகு நீங்கள் முளைகட்டிய வெந்தயம் சாப்பிடுகிறீர்களா?
— குறும்புக்கார வாசகி

சாப்பிடுகிறேன். வேகவைத்து.