விமானம் இருக்கட்டும், முதலில் அந்தக் காலைக் காட்டுங்கள்

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 63. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. வலது முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்து நாலு வாரம் ஆகிறது. பேத்தியின் காதுகுத்துக்காக அடுத்த வாரம் தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு மகன் டிக்கெட் போட்டிருக்கிறான். காற்றாடி வைத்த சின்ன விமானமாம். அதில் மூச்சுத் திணறும், ஐம்பது தாண்டியவர்களுக்கு ஹார்ட் நின்றுபோகும் என்று ஒரு வீடியோ பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. காது அடைக்குமா, முட்டிக்குள் இருக்கும் உலோகம் செக்கிங்கில் தொல்லை தருமா, இன்சுலின் கொண்டுபோகலாமா? மூன்று நாளாக வலது கெண்டைக்கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. ஆசான் வந்து தைலம் போட்டு உழிச்சல் செய்கிறார். ரத்தம் மெலிய ஆஸ்பத்திரியில் தந்த மாத்திரை தீர்ந்துவிட்டது. அண்ணனின் ஹார்ட் மாத்திரையில் ஒன்றைக் கொடுத்துக் கூட்டிப்போகலாமா?
வாசகி, தக்கலை

பதில்: அம்மா, அந்த உழிச்சலை இன்றைக்கே நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கடிதத்தில் அரை டஜன் கவலை இருக்கிறது. ஒன்றைத் தவிர எல்லாம் வீட்டிலேயே தீரும். அந்த ஒன்று, போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, கெண்டைக்கால் வீக்கம்.

முட்டி மாற்றிய காலில் வீக்கம் இருப்பது சகஜம். முதல் ஒன்றிரண்டு மாதம் முட்டியைச் சுற்றி வீங்கும், சாயங்காலம் கூடும், ராத்திரி தலையணை மேல் காலைத் தூக்கி வைத்துப் படுத்தால் காலையில் வடியும். அதற்காக யாரும் ஓட வேண்டாம். ஆனால் நாலாவது வாரத்தில் திடீரென்று, முட்டியை விட்டுக் கீழே கெண்டைச் சதையில் புதிதாக வீக்கம் வந்தால் கணக்கு வேறு. பெரிய ஆபரேஷன் நடந்து பன்னிரண்டு வாரத்துக்குள் ஒரு கால் மட்டும் இப்படி வீங்கினால், ஆழத்தில் ஓடும் சிரை என்ற ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். சீட்டில் ‘டிவிடி’ (DVT) என்று எழுதுவார்கள்.

காலில் இறங்கிய ரத்தத்தை மேலே ஏற்றிவிடுவது கெண்டைச் சதைதான். நடக்க நடக்க அது பிழிந்து தள்ளும். நாலு வாரமாக அந்தச் சதைக்குச் சரியான வேலை இல்லை. தேங்கிய ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி சிரைக்குள் வால்போல நீளும். வால் அறுந்தால் தொடை, வயிறு, இதயத்தின் வலது பக்கம் என்று போய் நுரையீரலில் அடைத்துக்கொள்ளும். கெண்டைச் சதையைக் கீழிருந்து மேலாக அழுத்தி உருவினால் அந்த வாலை நாமே அறுத்து அனுப்பியதாகிவிடும். ஆசான் வர்மத்தில் கைதேர்ந்தவராகவே இருக்கட்டும். சதைக்கு அடியில் சிரைக்குள் இருக்கும் கட்டி எந்தக் கைக்கும் தட்டுப்படாது. முட்டிக்குக் கீழே கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றுவதும் வேண்டாம்.

வீட்டில் தையல் டேப் இருக்குமே, எடுங்கள். காலை நீட்டிப் படுக்கச் சொல்லுங்கள். முட்டிச் சில்லுக்குக் கீழே முன்பக்கம் ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும். அங்கிருந்து 10 செ.மீ. கீழே பேனாவால் கோடு போட்டு, அந்த இடத்தில் இரண்டு காலின் சுற்றளவையும் எடுங்கள். 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகம் வலுக்கும். கணுக்காலுக்கு மேலே எலும்பின் மீது கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்தி எடுத்தால் குழி விழுகிறதா, அந்தக் காலில் மட்டும் விழுகிறதா என்றும் பாருங்கள். வித்தியாசம் 2 செ.மீ.தான், அதனால் ஸ்கேன் வேண்டாம் என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அளவு டாக்டரிடம் சொல்வதற்கு.

ஆபரேஷன் செய்தவரிடமோ ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ இன்றைக்கே காட்டுங்கள். எடுக்க வேண்டியது கால் சிரைக்கான கலர் டாப்ளர் ஸ்கேன். ஊசி கிடையாது, கதிர்வீச்சு கிடையாது, அரை மணி நேர வேலை. ஸ்கேன் கருவியை வைத்து அழுத்தும்போது நல்ல சிரை தட்டையாகிவிடும், கட்டி இருக்கும் சிரை அமுங்காது. டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனையை நீங்களாகப் போய் எடுக்க வேண்டாம். ஆபரேஷன் ஆன ஆளுக்கு அது எப்படியும் கூடுதலாகத்தான் காட்டும். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தும் வீக்கம் வடியவில்லையானால் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை எடுக்க வேண்டும், ஏனென்றால் கெண்டைக்குள் இருக்கும் சின்னக் கட்டி முதல் ஸ்கேனில் தப்பிவிடலாம்.

ஸ்கேனுக்கு முன்பே மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குத்தினாலோ, சளியில் ரத்தம் தெரிந்தாலோ, மயக்கம் வந்தாலோ ஆட்டோ தேடாதீர்கள், 108.

அண்ணனின் மாத்திரை விஷயம். அது அநேகமாக ஆஸ்பிரின் 75 ஆக இருக்கும். ஏற்கெனவே உறைந்த கட்டிக்கு அது மருந்தல்ல. கட்டி இருந்தால் கொடுப்பது வேறு வகை மருந்து, முழு அளவில், குறைந்தது மூன்று மாதத்துக்கு. அதோடு அண்ணன் மாத்திரையும் உள்ளே போனால் குடலில் ரத்தம் கசியக்கூடும். அடுத்தவர் டப்பாவில் இருக்கும் மாத்திரை அடுத்தவர் நோய்க்கு. ஆஸ்பத்திரியில் தந்தது எத்தனை நாளைக்கு, முழுதும் சாப்பிட்டாரா என்று சீட்டைப் பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

கட்டி இருப்பது உறுதியானால் அடுத்த வாரப் பயணம் இல்லை. மருந்து பிடித்து நிலைமை சீரான பிறகு, மருந்து தொடங்கிய டாக்டர் நாள் சொல்வார். ‘அப்படியானால் விமானம் வேண்டாம், நாகர்கோவிலில் ரயில் ஏறிவிடுகிறோம்’ என்று கிளம்பிவிடாதீர்கள். ரயிலிலும் அதே கால்தான் வரும், அதுவும் ராத்திரி முழுக்க.

இனி அந்த வீடியோ. தூத்துக்குடிக்கு வந்துபோகும் காற்றாடி விமானம் ஏடிஆர் 72 ரகம். வெளியே தெரிவது ஆறு இதழ் காற்றாடி, அதைச் சுற்றுவது ஜெட்டில் இருப்பதைப் போன்ற டர்பைன் எஞ்சின். ஜெட் 35,000 அடியில் போகும்போது இது 25,000 அடிக்கு மேல் ஏறாது. உள்ளே காற்றழுத்தம் கூட்டி வைத்திருப்பார்கள், உடம்பு அதை 8,000 அடி உயரத்துக்கு மேல் உணராது. ஊட்டி 7,300 அடி சொச்சம். ஊட்டியில் ஒன்றரை மணி நேரம் உட்கார முடிகிறவருக்கு இதிலும் முடியும். தாழ்வாகப் பறப்பதால் மேகத்துக்குள் புகுந்து போகும்போது கொஞ்சம் குலுக்கும், பெல்ட்டை அவிழ்க்காமல் இருந்தால் சரி. பயம் போக என்று தூக்க மாத்திரை போட்டு ஏற்றிவிடாதீர்கள். தூங்குகிற ஆள் காலை அசைக்க மாட்டார்.

ஸ்கேன் சுத்தமாக வந்து டாக்டரும் சரி என்று சொல்லிவிட்டால் போகலாம். அப்போதும் எனக்குக் கவலை காரில்தான். தக்கலையிலிருந்து தூத்துக்குடியின் வாகைக்குளம் விமான நிலையத்துக்கு இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும். அங்கே காத்திருப்பு, பிறகு ஒன்றரை மணி நேர விமானம், சென்னையில் இறங்கி மறுபடி கார். எல்லாம் சேர்ந்து முட்டியை மடக்கி உட்காரும் நேரம் ஆறேழு மணி. காவல்கிணறு விலக்கில் ஒரு முறை, திருநெல்வேலி தாண்டுமுன் ஒரு முறை இறக்கி, வாக்கரைப் பிடித்து ஐந்து நிமிடம் நடக்க வையுங்கள். உட்கார்ந்திருக்கும்போது அரை மணிக்கு ஒரு தடவை பாதத்தை மேலும் கீழுமாக இருபது தரம் ஆட்டட்டும். பாத்ரூம் போக வேண்டிவரும் என்று தண்ணீரைக் குறைக்க வேண்டாம். முட்டி வரைக்குமான அழுத்தக் காலுறையைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். சர்க்கரைக்காரரின் பாதத்தில் ரத்த ஓட்டம் எப்படி என்று பார்த்த பிறகே அது.

இருக்கை விஷயத்தில் மகனிடம் சொல்லுங்கள்: இடப்பக்க வரிசை, நடைபாதை ஓரம். வலது காலை நீட்ட அங்கேதான் வழி இருக்கும். சாப்பாட்டு வண்டி வரும்போது மட்டும் காலை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். பின்பக்கமாகப் போடுங்கள். இந்த விமானத்தில் ஏறும் கதவு பின்னால் இருக்கிறது, காற்றாடி இரைச்சலும் அங்கே குறைவு. அவசர வழி வரிசையை வாக்கர் பிடித்து நடப்பவருக்குத் தர மாட்டார்கள். கதவில் ஏறக் குறுகலான நாலைந்து படி உண்டு, அதனால் சக்கர நாற்காலியும் சாய்வுப் பாதையும் வேண்டும் என்று 48 மணி நேரத்துக்கு முன்பே கேட்டு வையுங்கள். ஆபரேஷன் ஆகி ஒரு மாதம்தான் என்பதால் பறக்கலாம் என்ற டாக்டர் சான்றும் கையில் இருக்கட்டும்.

இன்சுலினும் மாத்திரைகளும் கைப்பையில், சீட்டோடு. டிராலி பெட்டியில் வைக்காதீர்கள். சின்ன விமானத்தில் தலைக்கு மேல் இடம் குறைவு, பெட்டியைக் கதவருகே வாங்கிச் சரக்கறைக்கு அனுப்பிவிடுவார்கள். பிரஷர் மாத்திரை வழக்கமான நேரத்தில். காது இறங்கும்போது அடைக்கும், மிட்டாய் சப்பினால் விடும். செக்கிங்கில் முட்டி சத்தம் போடும், கைக்கருவியால் தடவிப் பார்த்து அனுப்பிவிடுவார்கள், அவ்வளவுதான்.

காதுகுத்து வீட்டில் அவரை வாசலில் நாற்காலி போட்டு நாள் முழுக்க உட்கார வைத்துவிடாதீர்கள். ஊர் திரும்பி இரண்டு மூன்று வாரம் வரைக்கும் கெண்டைக்கால் மேல் ஒரு கண் வையுங்கள். புதிதாக வீங்கினால் தைலக் குப்பியைத் தேடாமல் ஸ்கேனுக்குக் கூட்டிப்போங்கள்.