அந்த ஐந்து வாரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள், தம்பி

கேள்வி: அக்கா, 2026 மே மாதக் கடைசியில் எங்களுக்கு முதல் குழந்தை பிறக்கவிருக்கிறது. நாங்கள் இருவருமே சிங்கப்பூர்க் குடிமக்கள். நான் சரக்குக் கிடங்கு ஒன்றில் இரண்டு வருடமாக ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். விடுப்பு கேட்டால் சூப்பர்வைசர், "பகிர்வு விடுப்பு முழுவதையும் மனைவி பேருக்கே மாற்றிவிடு, உன் ஷிஃப்டை யார் பார்ப்பது?" என்கிறார். பத்தியம் பார்க்கத் தான் வருவதாகவும், நான் வேலையைக் கவனித்தால் போதும் என்றும் அம்மா சொல்கிறார். என்ன செய்வது?
- ஈசூன் வாசகர்

பதில்: தம்பி, மாற்றாதீர்கள்.

1996-ல் என் மகள் பிறந்தபோது எனக்குக் கிடைத்தது 8 வாரம். என் கணவருக்கு விடுப்பு என்று எதுவும் இல்லை. ஆண்டு விடுப்பில் மூன்று நாள் எடுத்தார், நான்காம் நாள் வேலைக்குப் போய்விட்டார். தோ பாயோவில் ஒன்பதாவது மாடி வீடு. தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நள்ளிரவில் அழும் பிள்ளையோடு கூடத்தில் நடந்தது இன்னும் மறக்கவில்லை. எட்டு வாரம் முடிந்ததும் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு எம்ஆர்டி ரயில் ஏறினேன், ரவிக்கை பாலில் நனைந்திருந்தது. மகளைத் தனியாகக் குளிப்பாட்ட என் கணவருக்குத் தைரியம் வரவே ஒரு வருடம் ஆனது. பாசம் குறைவில்லை, பழக நாள் கிடைக்கவில்லை.

தாய்க்கு 2004-ல் 12 வாரம், 2008-ல் 16 வாரம் என்று கூடியது. தந்தைக்கு முதல் ஒரு வாரமே 2013-ல்தான் வந்தது. உங்கள் குழந்தை பிறக்கும்போது கணக்கு இதுதான்: மனைவிக்கு 16 வாரம், உங்களுக்குத் தந்தையர் விடுப்பு 4 வாரம், அதோடு இருவருக்கும் சேர்த்து பகிர்வு விடுப்பு 10 வாரம். 2024 நவம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் இதற்கு வழி செய்தது. அந்தப் பத்தில் ஆளுக்கு ஐந்து என்பதுதான் சட்டம் முதலில் போடும் பங்கு. அப்படிப் போட்டது மிகச் சரி என்பேன். இல்லாவிட்டால் மொத்தமும் பேசாமல் தாய் தலையில்தான் விழும்.

குழந்தை பிறந்த நான்கு வாரத்துக்குள் பங்கை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது நீங்களும் உங்கள் மனைவியும்தான், சூப்பர்வைசர் அல்ல. உங்களுடைய ஒன்பது வாரச் சம்பளத்தை, வாரத்துக்கு 2,500 வெள்ளி வரை, முதலாளிக்கு அரசாங்கமே திருப்பித் தருகிறது. விடுப்பில் இருப்பவரை வேலையைவிட்டு நீக்குவதும் குற்றம்.

சரி, ஷிஃப்டுக்கு ஆள் வேண்டும் என்ற அவர் கவலையும் உண்மைதான். அதற்காகத்தான் குறைந்தது நான்கு வாரத்துக்கு முன் அறிவிக்கச் சொல்கிறார்கள். நீங்கள் இன்னும் சீக்கிரமே, எந்தெந்த வாரம் என்று குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். வாய்ப்பேச்சு போதாது.

அம்மா தாராளமாக வரட்டும். மருந்துக் குழம்பு வைக்க அவரைவிட்டால் யார்? முதல் மாதம் அவர் துணையோடு உங்கள் 4 வாரத்தை எடுங்கள். மற்ற ஐந்தை, அம்மா ஊருக்குத் திரும்பி, மனைவி வேலைக்குப் போகும் சமயத்துக்கு வைத்துக்கொள்ள முடியுமா என்று அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.