டீ ஃபாக்டோவே போதுமா, கல்யாணமும் பண்ணணுமா? சிட்னிக்கு புதுசா வந்த தம்பிக்கு

தம்பி, நீ கேட்டது இதானே: சிட்னி வந்து நாலு மாசம் ஆச்சு, நீயும் உன் ஆளும் (ரெண்டு பேருமே பசங்க) ஒண்ணா இருக்கீங்க, இங்க டீ ஃபாக்டோவுக்கே (அதான், கல்யாணம் பண்ணாம ஜோடியா சேர்ந்து வாழறதுக்கே) கிட்டத்தட்ட எல்லா உரிமையும் இருக்காமே, அப்புறம் எதுக்கு கல்யாணம், அது வெறும் பேப்பர்தானேன்னு. நானும் பல வருஷம் இதையேதான் சொல்லிட்டு திரிஞ்சேன்.

2014-ல என் ஆளுக்கு நடுராத்திரி வயித்து வலி, அப்பெண்டிக்ஸ், ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கவுன்டர்ல நீங்க யாருன்னு கேட்டாங்க, பார்ட்னர்னேன், ஆதாரம் இருக்கான்னாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு சட்டமா பேசிட்டு நிக்க முடியுமா? வீட்டுக்கு போய் ரெண்டு பேர் பேரும் இருந்த வாடகை அக்ரிமென்ட்டையும் கரன்ட் பில்லையும் தேடி எடுத்துட்டு வந்தேன். எனக்கு முன்னாடி நின்னவரு 'மை வைஃப்'னு ரெண்டே வார்த்தைதான் சொன்னாரு, உள்ள விட்டுட்டாங்க, அவர்கிட்ட யாரும் கரன்ட் பில் கேக்கல. டீ ஃபாக்டோன்னா ஒவ்வொரு கவுன்டர்லயும் நீதான் நிரூபிக்கணும். நல்லா இருக்கற வரைக்கும் இது உறைக்காது.

பிரிட்டன்ல கல்யாணம் பண்ணிட்டு ரெண்டு ஆம்பளைங்க தேனிலவுக்கு இங்க வந்தாங்க, 2016-ல அடிலெய்டுல ஒருத்தர் கீழ விழுந்து இறந்துட்டார். இறப்புச் சான்றிதழ்ல கல்யாணமே ஆகாதவர்னு போடுவோம்னுட்டாங்க. புருஷன் பக்கத்துலயே நிக்கறார்! அப்புறம் அந்த மாநில முதல்வரே மன்னிப்பு கேட்டாரு. வெறும் பேப்பர்னு நான் பேசறத நிறுத்தினது அன்னிக்குதான்.

இத்தனைக்கும் 2004 வரைக்கும் இந்த நாட்டு கல்யாணச் சட்டத்துல கல்யாணம்னா ஆணும் பெண்ணும்தான்னு வரையறையே இல்ல, அப்ப பிரதமரா இருந்த ஹோவர்டோட அரசாங்கம்தான் அத சேத்துச்சு. சேத்தத எடுக்க 2017-ல வீட்டுக்கு வீடு தபால்ல ஃபார்ம் அனுப்பினாங்க, ஒரே பாலினத்தவர் கல்யாணம் பண்ணிக்க சட்டத்த மாத்தலாமான்னு ஒரே கேள்வி, ரெண்டு கட்டம், ஆமா, இல்ல. ஃபார்ம் கைக்கு வந்தப்ப எனக்கு வந்தது கோவம்தான், எதிர் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு என்கிட்ட யாரும் டிக் அடிக்கச் சொல்லலயே, என் கல்யாணத்துக்கு மட்டும் அவர் ஏன் அடிக்கணும்? அதுவும் பார்லிமென்ட்டை கட்டுப்படுத்தாத கணக்கெடுப்பு, எப்படியும் அவங்கதான் சட்டம் போடணும், அத முதல்லயே போட்டிருக்கலாம். நாடு முழுக்க 61.6 சதவீதம் ஆமான்னாங்க. நான் இருந்த பரமட்டா தொகுதில அதே 61.6 சதவீதம், ஆனா இல்லன்னு! இல்லன்னு சொன்ன 17 தொகுதில 12 நம்ம நியூ சவுத் வேல்ஸ்லதான், அதுல நெறைய நம்மள மாதிரி வெளிநாட்டுலேர்ந்து வந்தவங்க இருக்கற மேற்கு சிட்னி. ரிசல்ட் வந்த மறுநாள் ரயில்ல எதிர்ல உக்காந்திருக்கறவங்க மூஞ்சி ஒவ்வொண்ணா பாத்து இவர் என்ன அடிச்சிருப்பார்னு யோசிச்சுட்டே போனேன், அது நல்ல பழக்கம் இல்ல, ஆனாலும் போகல.

அந்த டிசம்பர் 9-லேர்ந்து சட்டம் அமலுக்கு வந்துச்சு, நாங்க 2018-ல பண்ணிக்கிட்டோம். இங்க மத அமைப்பு சார்பா இல்லாம கல்யாணம் நடத்தி வைக்கறவங்க, எல்லார் முன்னாடியும் சட்டப்படி கல்யாணம்னா என்னன்னு ஒரு வரி சத்தமா சொல்லியே ஆகணும். முன்னாடி அது 'ஒரு ஆணும் ஒரு பெண்ணும்'னு இருந்துச்சு, ஃப்ரெண்ட்ஸ் கல்யாணத்துக்கெல்லாம் போய் கடைசி வரிசைல உக்காந்து அத கேட்டுட்டு, கை தட்டிட்டு, கிஃப்ட் குடுத்துட்டு வருவோம். எங்களுக்கு நடத்தின அம்மா 'இரண்டு பேர்'னு சொன்னப்ப என் ஆள் குனிஞ்சு ஷூ லேசை சரி பண்ற மாதிரி நடிச்சான்.

சரி, உன் விஷயம். பார்ட்னர் விசாவுக்கு டீ ஃபாக்டோன்னா பொதுவா 12 மாசம் ஒண்ணா இருந்ததுக்கு ஆதாரம் கேப்பாங்க. நியூ சவுத் வேல்ஸ்ல உறவை ரிஜிஸ்டர் பண்ணிட்டா அந்த 12 மாச கணக்கு வராது, கல்யாணம் பண்ணாலும் வராது, ஆனா உறவு நெஜம்தான்னு எப்படியும் காட்டணும், அதனால ரெண்டு பேர் பேர்லயும் பில், பேங்க் அக்கவுன்ட் எல்லாம் இப்பவே சேத்து வை. கல்யாணத்துக்கு சிட்டிசனா இருக்கணும்னு இல்ல, குறைஞ்சது ஒரு மாசம் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும், பாஸ்போர்ட் வேணும், 18 வயசு தாண்டின சாட்சி ரெண்டு பேர்.

இந்தியால இது செல்லாது. 2018-ல ஒரே பாலின உறவு குற்றம் இல்லைன்னாங்களே தவிர கல்யாணத்த 2023 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் பார்லிமென்ட் பாத்துக்கட்டும்னு விட்டுடுச்சு, ஆக சென்னை ஏர்போர்ட்ல இறங்கினா நீங்க சட்டப்படி ரெண்டு தனி ஆள். சொத்து, பேங்க் நாமினி, உயில் எல்லாம் அங்க தனியா பேர் போட்டு எழுதிடு. அம்மாகிட்ட எப்ப சொல்றதுன்னும் கேட்டிருந்த, அதுக்கு என்கிட்ட பதில் இல்லப்பா, நான் சொல்ல ஒன்பது வருஷம் ஆச்சு. சாட்சிக்கு ஆள் கிடைக்கலன்னா சொல்லு, நாங்க ரெண்டு பேர் இருக்கோம், சனிக்கிழமையா வெச்சுக்கோ.