இரும்புக்கு ஓர் எண்ணெய், மரத்துக்கு வேறோர் எண்ணெய்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இங்கிலாந்தில் செய்யப்பட்ட, எங்கள் தாத்தாவின் இரட்டைக் குழல் துப்பாக்கி, உரிமம் முறைப்படி மாற்றப்பட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. அவர் மாதம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து வைப்பார். நானும் அதையே செய்து வருகிறேன். ஆனால் குழலின் கருநீல நிறம் ஆங்காங்கே பழுப்பாகி வருகிறது, தொட்டால் பிசுபிசுக்கிறது. மரக்கட்டையும் பொலிவிழந்துவிட்டது. எந்த எண்ணெயைப் பயன்படுத்தலாம்?
– வாசகர் ஒருவர், குன்னூர்

பதில்: தாத்தாவைக் குறை சொல்வதற்கில்லை. அரிவாளுக்கும் கதவுக் கீலுக்கும் போடும் எண்ணெயைத்தான் அவர் துப்பாக்கிக்கும் போட்டிருக்கிறார். உங்கள் ஊரில் அது இன்னும் சிக்கலாகிறது. ஏறத்தாழ 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். மார்கழியில் குழலின் மேல் வெண்ணெய் போலப் படிந்து, விசைப் பகுதிக்குள் கட்டியாகி நிற்கும். கோடையில் இளகித் தூசியைப் பிடிக்கும். நாளாக ஆக எண்ணெய் சிதைந்து காறல் வாடை அடிக்கத் தொடங்கும். அப்போது வெளிப்படும் கொழுப்பு அமிலங்கள் இரும்பை மெல்ல அரிக்கும். நல்லெண்ணெய்க்கு மாறலாமா என்று கேட்காதீர்கள். அது பாதி உலர்ந்து கோந்தாகிவிடும்.

அந்தக் கருநீலம் வர்ணப்பூச்சு அன்று, அதுவும் ஒரு வகைத் துருவே. பழைய இரட்டைக் குழல்களுக்கு இந்த நிறத்தை ஏற்றிய முறை வேடிக்கையானது: எஃகின்மேல் வேண்டுமென்றே மெல்லிய செந்துருவை வரவழைத்து, கொதிநீரில் அவித்து, அது மேக்னடைட் என்னும் கரிய இரும்பு ஆக்சைடாக மாறியதும், மேலே தளர்ந்து நிற்பதைத் தேய்த்தெடுத்துவிட்டு, போதிய ஆழமான நிறம் கிடைக்கும்வரை இதையே மீண்டும் மீண்டும் செய்வார்கள். பிற்காலத்தில் வந்த காரக் குளியல் முறை விரைவானது என்றாலும், இரு குழல்களையும் சேர்த்திருக்கும் ஈயப் பற்றை அந்தக் கொதிக்கும் காரம் தின்றுவிடும். யாரேனும் உங்கள் துப்பாக்கிக்கு ஒரே நாளில் புது நிறம் ஏற்றித் தருவதாகச் சொன்னால், எந்த முறையில் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிறம் எந்த முறையில் ஏறியதாயினும், அந்தப் படலம் மிக மெல்லியது, நுண்துளைகள் உடையது. அதனால் தனியே நின்று ஈரத்தைத் தடுக்க முடியாது. தன் துளைகளில் எண்ணெயையோ மெழுகையோ பிடித்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். எந்தப் பொருளைப் பிடித்து வைக்கிறது என்பதைப் பொறுத்ததே உங்கள் குழலின் ஆயுள். இரும்புக்கு உலராத எண்ணெய் வேண்டும், அதுவும் தாது எண்ணெயாக இருக்க வேண்டும். இதற்கென்று தயாரிக்கப்படும் துப்பாக்கி எண்ணெய் கிடைத்தால் நல்லது. 1904-இல் ஜெர்மனியில் உருவான பாலிஸ்டால் இன்றும் விற்பனையில் இருக்கிறது. கிடைக்காவிட்டால் தையல் மெஷினுக்குப் போடும் தெளிந்த எண்ணெயே போதும். பிரிட்டிஷ் துப்பாக்கிக் கடைகளில் ஒரு காலத்தில் ரங்கூன் எண்ணெய் என்ற பெயரில் விற்கப்பட்டதும் பர்மாவின் கிணறுகளிலிருந்து வந்த தாது எண்ணெய்தான்.

வேலையைத் தொடங்குமுன் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை பார்த்து உறுதி செய்யுங்கள். பிறகு பெயின்ட் கடையில் கிடைக்கும் மினரல் டர்பன்டைனை பனியன் துணியில் தோய்த்து, பழைய பிசுக்கு முழுவதையும் துடைத்தெடுங்கள். அது மரத்தின் மேல் படாமலிருக்கட்டும். பழுப்புப் புள்ளிகளின்மேல் ஒரு சொட்டு தாது எண்ணெய் விட்டு ஒருநாள் ஊறவைத்து, பழைய காலணாச் செப்புக் காசு ஒன்றின் விளிம்பால் சாய்வாக, எண்ணெய் வற்றாமல் சுரண்டினால், செந்துரு பொடிந்து எண்ணெயோடு கலங்கி வரும். செம்பு மேக்னடைட்டைவிட மென்மையானது என்பதால் கருநீலம் பெரும்பாலும் தப்பிவிடும். உப்புத்தாள், செங்கற்பொடி இரண்டும் வேண்டாம். குத்துவிளக்கைப் பளபளப்பாக்கும் புளியையும் எலுமிச்சையையும் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். அந்த அமிலம் சில நிமிடங்களில் கருநீலத்தைக் கரைத்து வெள்ளை இரும்பைக் காட்டிவிடும்.

மரத்தின் கணக்கு நேர்மாறானது. அதற்கு உலரும் எண்ணெய் வேண்டும். உங்கள் கட்டை பெரும்பாலும் வால்நட் மரமாக இருக்கும்; அதற்குரியது ஆளிவிதை எண்ணெய். இது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இழைகளுக்குள் இறுகிப் பிசின்போல் ஆகிறது. லீ-என்ஃபீல்டு ரைஃபிள் வைத்திருந்த சிப்பாய்கள் அதன் கட்டைக்கு இதைத்தான் தேய்த்தார்கள். கட்டையின் அடியில் இருந்த பொந்தில் வைக்கப்பட்ட சிறு புட்டியோ உலோகத்துக்கான எண்ணெய்க்கு உரியது.

எண்ணெய் மிகக் குறைவாக இருக்கட்டும். இரண்டே சொட்டு விட்டு, உள்ளங்கை சூடேறும்வரை தேய்த்து, கால் மணி நேரத்தில் எஞ்சியதைத் துடைத்துவிட்டு, மறுநாள் ஒட்டாமல் உலர்ந்தபின்பே அடுத்த பூச்சு. தினம் ஒருமுறையாக ஒரு வாரம், வாரம் ஒருமுறையாக ஒரு மாதம், மாதம் ஒருமுறையாக ஓர் ஆண்டு, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை என்று மரவேலைக்காரர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். அவ்வளவு பொறுமை இல்லாவிட்டாலும் நான்கைந்து பூச்சுகளில் மரத்தின் வரிகள் மேலெழுந்து வரும். ஓர் எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால், உலரும்போது உண்டாகும் சூடு உள்ளேயே தங்கித் துணி தானாகவே தீப்பற்றலாம். வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவைத்துவிட்டுக் குப்பையில் சேருங்கள்.

கேள்வி: எண்ணெய்க்குப் பதில் தேன்மெழுகு பூசலாமா? வீட்டிலேயே தயாரிக்க முடியுமா?
– வாசகர் ஒருவர், ஏற்காடு

பதில்: தாராளமாகப் பூசலாம். எண்ணெய் வழிந்து இறங்கும், விரல் பட்டால் விலகிவிடும். மெழுகு பூசிய இடத்திலேயே நிற்கும். வியர்வை உப்பு படிந்த கைரேகை, மழைக்காலத்தில் ஓரிரு நாளிலேயே துருவாகி அச்சு அசலாக எழுந்து நிற்பதைப் பார்த்தவர்கள் இந்த வேறுபாட்டை உணர்வார்கள். தேன்மெழுகைத் துருவி, தரமான டர்பன்டைனில் போட்டு, மூடிய கண்ணாடிக் குப்பியில் ஓரிரு நாள் வைத்தால் அடுப்பில்லாமலே குழைந்துவிடும். டர்பன்டைன் ஆவி எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் அடுப்பறையை மறந்துவிடுங்கள். கையில் ஒட்டாத அளவு இறுக்கம் வேண்டுமானால் கார்னௌபா மெழுகு சிறிது சேர்க்கலாம். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும், பிரேசில் நாட்டுப் பனையொன்றின் இலையிலிருந்து வரும் கார்னௌபா 80 டிகிரியைத் தாண்டும்.

தேன்மெழுகில் இயல்பாகவே சிறிது அமிலத்தன்மை உண்டு. இதை மனத்தில் கொண்டே, 1950-களில் பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வுக்கூடத்தில் பெட்ரோலிய நுண்படிக மெழுகை அடிப்படையாகக் கொண்ட ரெனைசான்ஸ் வாக்ஸ் உருவாக்கப்பட்டது. ஆண்டுக்கணக்கில் பெட்டிக்குள் இருக்கப்போகும் துப்பாக்கி என்றால் நான் அதையே பரிந்துரைப்பேன். அடிக்கடி கையாளும் துப்பாக்கிக்கு வீட்டு மெழுகே போதுமானது. எதுவானாலும் வெளிப்புறத்துக்கும், மரம் மூடியிருக்கும் குழலின் அடிப்பகுதிக்கும் மட்டும் பூசுங்கள். விசை, கீல் போன்ற அசையும் உறுப்புகளுக்குள் எண்ணெய்தான்.

கேள்வி: குடகில் கைல்பொல்து அன்று துப்பாக்கிகளுக்குப் பூச்சூட்டி வழிபடுகிறார்கள். நாங்களும் ஆயுத பூஜையில் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். இதனால் கெடுதல் உண்டா?
– வாசகர் ஒருவர், மடிக்கேரி

பதில்: குடவர்கள் செப்டம்பரில் சூட்டும் தோக் பூ நம் செங்காந்தளேதான், பூவால் எந்தக் கெடுதலும் இல்லை. ஈரச் சந்தனம் அப்படியன்று. குழலின்மேல் வைத்த பொட்டு இரவு முழுவதும் ஈரத்தைப் பிடித்து வைத்திருந்து, மறுநாள் உதிர்ந்த இடத்தில் அதே வட்டத்தில் துருவை விட்டுச் செல்லும். முதல்நாளே மெழுகு பூசிவிட்டு, பொட்டை மரக்கட்டையில் வைத்து, பூஜை முடிந்த அன்றே துடைத்துவிடுங்கள்.

கேள்வி: துப்பாக்கியைத் தோல் உறையிலிட்டு அலமாரியில் நிறுத்தி வைத்திருக்கிறேன். சரிதானா?
– வாசகர் ஒருவர், கொடைக்கானல்

பதில்: இரண்டுமே தவறு. பதனிட்ட தோலில் அமிலமும் உப்பும் எஞ்சியிருக்கும். அது ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். உறையைப் பயணத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குழல் மேல்நோக்கி நிற்கும்போது எண்ணெய் மெல்ல இறங்கி, கட்டையும் இரும்பும் சேரும் இடத்தில் மரத்துக்குள் ஊறும். சில ஆண்டுகளில் அந்த இடம் கறுத்து, நகம் பதியும் அளவுக்கு மிருதுவாகி, பிறகு வெடிக்கும். பூட்டிய பெட்டியில் படுக்கவைத்தோ, வாய்ப்பகுதி கீழே இருக்குமாறு ஒரு துணியின்மேல் நிறுத்தியோ வையுங்கள்.